ஹோட்டல் அறை ஏமாற்றினால்: இரண்டு மூன்று நாள் நகரப் பயணிகளுக்கான கேள்வி பதில்

ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்க இரண்டு மூன்று இரவு தங்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. பத்து நாள் விடுமுறை என்றால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடலாம். இரண்டு இரவுப் பயணத்தில் அந்தக் காலை வரும்போது பாதிப் பயணம் போயிருக்கும். அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி எதை, யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியைத் திறக்காதீர்கள். கட்டிலின் மேல் வைக்கவும் வேண்டாம். குளியலறையின் ஈரமில்லாத டைல்ஸ் தரையில் வையுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் செய்கிற சோதனைதான் மீதி நாட்களைத் தீர்மானிக்கும்.

முதல் வேலையாக ஏசியைப் போட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும். பிறகு கட்டில்: தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் ஓரத் தையலை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து குளியலறை: ஷவரைத் திறந்து மூன்று நிமிடம் விடுங்கள். சுடுநீர் வருகிறதா என்பதோடு தண்ணீர் வடிகிறதா என்றும் கவனியுங்கள். மூன்று நிமிடத்தில் பாதம் மூழ்கும் அளவுக்குத் தேங்கினால் வடிகுழாய் பாதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கமோடை ஒருமுறை ஃப்ளஷ் செய்து, தொட்டி நிரம்பியதும் தண்ணீர் சத்தம் நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்காவிட்டால் இரவு முழுக்க அதுதான் தாலாட்டு. கதவின் உள்தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, ஜன்னல் பூட்டுகிறதா என்று பாருங்கள். கட்டிலில் உட்கார்ந்து வைஃபை எடுக்கிறதா என்று சோதியுங்கள். வாசல் பக்கம் நின்று பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

இதற்குள் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். ஏசி காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். நன்றாக வேலை செய்யும் ஏசியில் வெளிவரும் காற்று, அறைக் காற்றைவிட 8 முதல் 10 டிகிரி குளிர்ந்திருக்கும். கைக்கே தெரியும். தெரியவில்லை என்றால் அது காற்றாடி, அவ்வளவுதான்.

குறை எது தெரிந்தாலும் அப்போதே படம் எடுங்கள். படத்தில் பதியும் நேரம்தான் பிற்பாடு பேசும்.

வேறு அறை எப்படிக் கேட்பது? கேட்டால் "ஃபுல்" என்றுதான் சொல்கிறார்கள்.

போனில் கேட்காதீர்கள், கீழே இறங்கிப் போங்கள். போனில் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் "ஆள் அனுப்புகிறோம்". ஆள் வருவார், ஏதோ ஒரு திருகைத் திருகுவார், போவார். ஒரு மணி நேரம் போய்விடும்.

"ரூம் சரியில்லை" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. குறை ஒன்று, கேட்பது ஒன்று என்று சொல்லுங்கள்: "312-ல் ஷவர் தண்ணீர் வடியவில்லை, கணுக்கால் வரை நிற்கிறது. இதோ வீடியோ. இன்றைக்கே வேறு அறை வேண்டும். பெட்டியை இன்னும் திறக்கவில்லை." கடைசி வாக்கியம் முக்கியம். பயன்படுத்தாத அறையை ஹவுஸ்கீப்பிங் ஐந்து நிமிடத்தில் மறுபடி தயார்படுத்திவிடலாம். அதனால் மாற்றிக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். குளித்து, படுத்து, துணிகளைத் தொங்கவிட்ட பிறகு கேட்டால் ஒரு முழு அறையைத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மாலை ஆறுக்கு மேல் பல ஹோட்டல்களில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

எந்த அறை என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. 312-க்குப் பதில் 412 கொடுத்தால் உடனே தலையாட்டாதீர்கள். ஹோட்டல்களில் குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே செங்குத்துக் குழாயில் இணைந்திருக்கும். கழிவுநீர் நாற்றம், குழாய் இரைச்சல், அழுத்தம் குறைந்த தண்ணீர் எல்லாம் அந்த வரிசை முழுக்கத் தொடர வாய்ப்புண்டு. நடைவழியின் எதிர்ப்பக்கமோ வேறு பகுதியோ கேளுங்கள். சாவியை வாங்கிப் புது அறையைப் பார்த்துவிட்டு வந்து அதன் பிறகு பெட்டியை மாற்றுங்கள்.

உண்மையிலேயே இடம் இல்லை என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். டூட்டி மேனேஜரைப் பார்க்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளை காலியாகும் முதல் அறை உங்கள் பெயரில் இன்றே குறிக்கப்பட வேண்டும். காலை 11, 12 மணிக்கு அறைகள் காலியாகின்றன, பிற்பகல் 3 மணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் போகின்றன. அந்த இடைவெளியில் உங்கள் பெயர் ஏற்கெனவே திரையில் இருக்க வேண்டும். பேசி முடித்ததும் அதே விவரத்தை ஹோட்டலின் மின்னஞ்சலுக்கோ புக்கிங் தளத்தின் செய்திப் பெட்டிக்கோ இரண்டு வரியில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்ன புகார் ஷிஃப்ட் மாறும்போது மறைந்துவிடும்.

படத்தில் பெரிதாகத் தெரிந்தது, நேரில் பெட்டி வைக்கக்கூட இடமில்லை. இதற்குப் பணம் திரும்பக் கேட்கலாமா?

பெரும்பாலும் முடியாது. அகலக் கோண லென்ஸில் எடுத்த படம் பொய் இல்லை என்று வாதிடுவார்கள். நம்ப வேண்டியது சதுர மீட்டர் கணக்கை. 12 சதுர மீட்டர் அறையில் 160க்கு 200 சென்டிமீட்டர் கட்டிலே 3.2 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும்; குளியலறையும் அந்த 12-க்குள் அடங்கியிருந்தால் நடக்க இடம் ஒரு பக்கம்தான். "சுப்பீரியர்", "டீலக்ஸ்" என்ற பெயர்களுக்கு உலகப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு ஹோட்டலின் டீலக்ஸ் இன்னொன்றின் ஸ்டாண்டர்டைவிடச் சின்னதாக இருக்கலாம்.

ஆனால் உறுதிச்சீட்டில் எழுதியிருப்பது கிடைக்கவில்லை என்றால் விஷயம் வேறு. ஜன்னல் உள்ள அறை என்று வாங்கி ஜன்னல் இல்லாத அறை வந்தால், அல்லது 20 சதுர மீட்டர் என்று போட்டு 13 கொடுத்தால், அது ஒப்பந்த மீறல். "அழகாக இல்லை" என்பது ரசனை. இந்த இரண்டையும் கலந்து புகார் எழுதுகிறவர்கள்தான் அதிகம். ரசனைப் பகுதியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் தள்ளிவிடுவார்கள். கட்டில் விஷயத்திலும் கவனம்: முன்பதிவில் "விருப்பம்" என்று குறித்தது வேண்டுகோள் மட்டுமே, அறை வகையின் பெயரிலேயே இருந்தால்தான் உறுதி.

நட்சத்திரம் நான்கு, தரம் இரண்டு மாதிரி இருக்கிறதே?

நட்சத்திரம் எண்ணுவது வசதிகளை: லிஃப்ட், ரிசப்ஷன் நேரம், அறையில் என்னென்ன பொருள்கள் என்பது போன்றவற்றை. உலகம் முழுவதற்கும் ஒரே முறை இல்லை. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து 2009-ல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்று ஒரு பொது அளவுகோலை உருவாக்கின. அதிலும் பெரிய நாடுகள் சில இல்லை. விரிப்பின் பழுப்பு நிறத்தையோ ஊழியரின் முகத்தையோ நட்சத்திரம் அளப்பதில்லை.

அறையில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது.

அறை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். குளியலறைத் தரையில் உள்ள வடிகால் வாய்க்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். அறை பல நாள் காலியாகக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வாஷ்பேசின், குளியல் தொட்டி இருந்தால் அவற்றிலும் ஊற்றுங்கள். வெளியேற்று விசிறியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். நாற்றம் போய்விட்டால் கதை முடிந்தது. திரும்ப வந்தால் குழாயிலேயே கோளாறு, மாறிவிடுங்கள்.

பூஞ்சை நெடி என்றால் பொதுவாக ஏசிக்குள் தண்ணீர் வடியும் தட்டு அடைத்திருக்கும், அல்லது கார்ப்பெட் நனைந்து காயாமல் இருக்கும். சிகரெட் நாற்றம் விசிறிக் குழாய் வழியாகப் பக்கத்து அறையிலிருந்து வரலாம். இந்த இரண்டுக்கும் வாசனைத் தெளிப்பான் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு மணி நேரத்தில் நெடியும் தெளிப்பானும் கலந்து இன்னும் மோசமாகும். தெளிப்பானை மறுத்துவிட்டு அறை கேளுங்கள்.

ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. சுடுநீரும் வெதுவெதுப்புதான்.

புகாருக்கு முன் சில எளிய காரணங்கள். வாசலருகே உள்ள பொருத்தியில் சாவி அட்டை செருகப்படாவிட்டால் ஏசி நின்றுவிடும். ஜன்னலோ பால்கனிக் கதவோ சரியாக மூடவில்லை என்றாலும் சில ஹோட்டல்களில் உணரி அதை நிறுத்திவிடும். கதவை நன்றாக இழுத்து மூடுங்கள். சுவரில் உள்ள கருவி 16 என்று காட்டினாலும் ஹோட்டல் அதற்குக் கீழ்வரம்பை 21, 22 என்று பூட்டி வைத்திருக்கலாம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. சில கட்டடங்களில் அறைக்கு அறை தனி இயந்திரம் கிடையாது. எல்லா அறைக்கும் ஒரே ஜோடிக் குழாயில் கோடையில் குளிர்நீரும் குளிர்காலத்தில் வெந்நீரும் ஓடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. பருவம் மாறுகிற வாரங்களில் கட்டடம் வெந்நீரில் இருந்தால் எந்த அறைக்கு மாறினாலும் குளிராது. அதனால் ரிசப்ஷனில் "என் அறையில் மட்டுமா, கட்டடம் முழுவதுமா?" என்று கேளுங்கள். கட்டடம் முழுவதும் என்றால் அறை மாற்றம் வீண். தனி விசிறியும் திறக்கக்கூடிய ஜன்னலும் கேட்பதுதான் காரியம்.

சுடுநீருக்கு: கொதிகலன் தூரத்தில் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஷவர் திருகில் 38 என்று எழுதி ஒரு சிறு பொத்தான் இருந்தால், அதை அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் அதற்கு மேல் சூடாகும். இதைக் கவனிக்காமல் சுடுநீரே இல்லை என்று புகார் சொல்கிறவர்கள் நிறைய. காலை 7 முதல் 9 வரை மட்டும் வெதுவெதுப்பு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். ஆறரைக்குக் குளித்துவிடுவது எந்தப் புகாரையும்விட வேகமான தீர்வு.

சத்தத்தால் தூங்க முடியவில்லை.

படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் சொல்கிறது. நகர மையத்தில் இதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். மொபைல் செயலி காட்டும் டெசிபல் துல்லியமானதும் இல்லை, ஆகவே எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். எந்தச் சத்தம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி, அரை நிமிட ஒலிப்பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் எங்கிருந்து என்பதைப் பொறுத்தே மாற்று அறை. தெரு என்றால் உள்முற்றம் பார்த்த அறை. லிஃப்ட், ஹவுஸ்கீப்பிங் அறை, படிக்கட்டு என்றால் நடைவழியின் நடுவில் உள்ள அறை. பக்கத்து அறையைத் திறக்கும் இணைப்புக் கதவு உள்ள அறையைக் கூடுமானவரை தவிருங்கள். சுவர் தடுப்பதைக் கதவு தடுக்காது. அடுத்தவர் இருமுவதுகூடக் கேட்கும். பக்கத்து அறைக் கூச்சலுக்கு நீங்களே போய்க் கதவைத் தட்ட வேண்டாம், ரிசப்ஷனைக் கூப்பிடுங்கள்.

மூட்டைப்பூச்சி மாதிரி ஏதோ பார்த்தேன்.

இதில்தான் அவசரம் வேண்டும். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர், தட்டை, செம்பழுப்பு நிறம். ஆப்பிள் விதையை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளை நிறத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். பூச்சியைவிட அதன் எச்சம்தான் முதலில் கண்ணில் படும்: மெத்தைத் தையல் ஓரத்தில் பேனா மை சொட்டியது போன்ற கரும்புள்ளிகள். ஈரமான டிஷ்யூவால் தேய்த்தால் செம்பழுப்பாகப் பரவும். வெறும் தூசி அப்படிப் பரவாது. மெத்தையின் நான்கு மூலைகள், தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம், கட்டிலோரச் சிறு மேசையின் இடுக்கு, இவற்றைத் தேடினால் போதும். தூங்குகிறவருக்குப் பக்கத்திலேயேதான் அவை குடியிருக்கும்.

பூச்சி கிடைத்தால் ஒளிபுகும் ஒட்டும் நாடாவில் ஒட்டி வைத்துக்கொண்டு, அறை எண்ணோடு படம் எடுங்கள். உடம்பில் உள்ள தடிப்பு நல்ல ஆதாரம் இல்லை. சிலருக்குக் கடி தெரிய இரண்டு வாரம்கூட ஆகும், சிலருக்குத் தெரியவே தெரியாது. "முந்தைய ஊரில் கடித்திருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள்.

மாற்று அறை பக்கத்து அறையாகவோ நேர் மேலோ நேர் கீழோ இருக்கக் கூடாது. சுவர் வெடிப்பு, குழாய் இடைவெளி வழியாக அவை நகரும். இரண்டு தளம் தள்ளிக் கேளுங்கள். அங்கும் சோதியுங்கள். இரண்டாவது அறையிலும் கண்டால் மூன்றாவது அறை கேட்க வேண்டாம், ஹோட்டலையே மாற்றுங்கள். துணிகளை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப் போங்கள். வீடு திரும்பியதும் பையை நேராக ட்ரையரில் கொட்டி, அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓட்டுங்கள்; துவைப்பது பிறகு, 60 டிகிரியில். வெப்பம் தாங்காத பொருளை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். பெட்டியின் தையல்களை வாக்குவம் செய்து, தூசிப் பையைக் கட்டி வெளியே போடுங்கள். அறையில் நீங்களே மருந்து அடிக்காதீர்கள். பூச்சி சிதறும், ஆதாரமும் போகும். ஒரு சின்ன ஆறுதல்: மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாகத் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தால் "உங்கள் அறை வேறொருவருக்குப் போய்விட்டது" என்கிறார்கள்.

வராமல் போகிறவர்கள் சிலர் இருப்பார்கள் என்ற கணக்கில் அறைகளைக் கூடுதலாக விற்கிறார்கள். எல்லோரும் வந்துவிட்டால் கடைசியில் வருகிறவர் மாட்டுகிறார். ஹோட்டல் துறையில் உள்ள வழக்கம்: சமமான அல்லது மேலான ஹோட்டலில் இடம் பிடித்துத் தர வேண்டும், போகும் வாகனச் செலவும் வாடகை வித்தியாசமும் அவர்களுடையது. இதை வாயால் ஒத்துக்கொண்டால் போதாது. போகும் ஹோட்டலின் பெயரையும் வித்தியாசத்தை யார் கட்டுகிறார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தூரத்தையும் கேளுங்கள். நகரத்துக்கு வெளியே 15 கிலோமீட்டர் தள்ளி என்றால் அது சமமான ஹோட்டல் இல்லை.

இரவு பத்துக்கு மேல் வருவீர்கள் என்றால் முன்கூட்டியே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். முதல் இரவு வராவிட்டால் மொத்த முன்பதிவையும் ரத்து செய்துவிடும் ஹோட்டல்கள் உண்டு.

பாதியில் கிளம்பினால் மீதிப் பணம் கிடைக்குமா?

முதலில் பணம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கார்டு அறிக்கையில் ஹோட்டல் பெயர் இருந்தால் ஹோட்டலிடம். புக்கிங் தளத்தின் பெயர் இருந்தால் தளத்திடம். இது தெரியாமல் இருவரும் மாறி மாறி மற்றவரிடம் கேளுங்கள் என்று அனுப்ப, நாள் போய்விடும். விமானமும் ஹோட்டலும் ஒரே தொகுப்பாக வாங்கியிருந்தால் தொகுப்பை விற்றவரிடம் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி சரிசெய்யும் பொறுப்பு அவருடையது.

"திரும்பக் கிடைக்காத" கட்டணம் என்றால் உங்கள் மனம் மாறினால் கிடைக்காது என்று பொருள். வாக்களித்தது கிடைக்காதபோது கேட்பதை அது தடுக்காது. ஆனால் ஹோட்டலுக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். குறை சொன்ன நேரம், அவர்கள் செய்தது, நீங்கள் கெடு வைத்த நேரம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். கிளம்பும்போது செக்-அவுட் செய்து, நேரம் போட்ட ரசீது வாங்குங்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தால் கடைசி நாள் வரை தங்கியதாகவே கணக்கு ஓடும்.

கேட்கும் தொகை நியாயமாக இருந்தால் வேகமாகக் கிடைக்கும். ஓர் இரவு சுடுநீர் இல்லை என்பதற்கு அந்த இரவு வாடகையில் ஒரு பங்கு. தூங்கவே முடியாத அறை, மாற்றும் தரவில்லை என்றால் அந்த முழு இரவு. எல்லா இரவும் தங்கிவிட்டு மொத்தத்தையும் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

தர மறுத்தால் கார்டு வங்கியிடம் போகலாமா?

போகலாம். கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் "சேவை விவரித்தபடி இல்லை" என்ற வகைக்குப் பொதுவாக 120 நாள் கெடு. வங்கிக்கு வங்கி இன்னும் குறுகியிருக்கலாம், சீக்கிரம் தொடங்குங்கள். வங்கி கேட்பது: முன்பதிவு செய்தபோது தளத்தில் இருந்த விவரிப்பு, அதற்கு மாறாக இருந்ததைக் காட்டும் உங்கள் படங்கள், ஹோட்டலோடு நடந்த எழுத்துத் தொடர்பு. விவரிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பக்கம் அதற்குள் மாறியிருக்கும். முன்பதிவு செய்த அன்றே எடுத்துவிடுங்கள்.

செக்-இன்னில் பிடித்த டெபாசிட் திரும்ப வரவில்லை.

பல நேரங்களில் அது எடுக்கப்பட்ட பணமே இல்லை. கார்டில் நிறுத்தி வைக்கப்பட்ட தொகை. ஹோட்டல் விடுவித்த பிறகும் வங்கி சில நாள் எடுக்கும். டெபிட் கார்டில் இது உங்கள் சொந்தப் பணத்தையே முடக்கும் என்பதால் டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு நல்லது. வெளிநாட்டில் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் மறுத்து உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள், இயந்திரம் காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசம்.

விமர்சனம் எழுதுவேன் என்று சொல்லிக் கேட்கலாமா?

வேண்டாம். பணத்துக்காக விமர்சனத்தைக் காட்டி மிரட்டுவதைப் பெரிய தளங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன. அதை வைத்தே உங்கள் விமர்சனத்தை நீக்கச் சொல்ல ஹோட்டலுக்கு வழி கிடைக்கும். பணப் பேச்சு முடிந்த பிறகு எழுதுங்கள். தேதி, அறை இருந்த பக்கம், குறை, அவர்கள் எத்தனை மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதினால் அடுத்தவருக்கு உபயோகம்.

அடுத்த முறை முன்பதிவில் எதைப் பார்ப்பது?

மொத்த மதிப்பெண்ணை விடுங்கள். கடைசி மூன்று மாத விமர்சனங்களை மட்டும் வடிகட்டி, அதில் நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களைப் படியுங்கள். பத்துக்குப் பத்து போடுபவரும் ஒன்று போடுபவரும் அறையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. "சத்தம்", "நாற்றம்", "பூச்சி", "ஈரம்" என்ற சொற்களைத் தேடுங்கள். ஒருவர் சொன்னால் அவருடைய அறை. நாலு பேர் வெவ்வேறு மாதங்களில் சொன்னால் கட்டடம். வரைபடத்தில் ஹோட்டலைச் சுற்றிய நூறு மீட்டரில் இரவு விடுதி, கட்டட வேலை, ரயில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு வரி அனுப்புங்கள்: வரும் நேரம், உள்முற்றம் பார்த்த அறை, லிஃப்டிலிருந்து தள்ளி, இணைப்புக் கதவு இல்லாமல். அறை ஒதுக்கீடு பெரும்பாலும் வருகிற நாள் காலையில் நடக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் குறிப்பு அவர்கள் திரையில் இருந்தால் போதும்.